தெரு துலங்கட்டும், குடி கலையாதிருக்கட்டும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி ஊற்றி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்ததை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். நோயுற்றால் பார்க்கப் போவதும், மவுத்தானால் ஜனாஸாவில் கலந்து கொள்வதும் அண்டை வீட்டாரின் உரிமைகள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த உரிமைகளுக்கெல்லாம் அடிப்படையாக இருக்கும் ஓர் உரிமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்டை வீட்டார் அண்டையிலேயே இருந்தால்தானே ஆணம் கொடுக்க முடியும்? அவரைப் பெயர்த்து வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டால் ஹக்கை யாருக்கு நிறைவேற்றுவது? ஆகவே, அண்டை வீட்டாராகத் தொடர்ந்து இருப்பதும் அவருடைய ஹக்கில் சேர்ந்ததாகும். அதைப் பற்றியே இங்கு பேச எண்ணுகிறேன்.

நம் பட்டணங்கள் ஒவ்வொன்றிலும் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதிகள் இருக்கின்றன. சாக்கடை வழிந்தோடும் சந்துகள், ஒரே குழாயில் காத்துக் கிடக்கும் குடங்கள், மழை வந்தால் முழங்கால் அளவு நீர். இவற்றைக் காணும் வசதி படைத்தோர் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கிறோம். "அவர்கள் அப்படித்தான், அவர்களுக்கு அது பழகிவிட்டது" என்பது ஒன்று. "இந்த இடத்தையே காலி செய்துவிட்டால் ஊர் அழகாகிவிடும்" என்பது மற்றொன்று. முந்தியது அலட்சியம், பிந்தியது அநீதி. இவ்விரண்டுக்கும் நடுவே நேரான பாதை ஒன்று உண்டு. இடத்தைச் சீர்படுத்த வேண்டும். அங்கே இருப்பவர்களை அங்கேயே இருக்கவிட வேண்டும். நம்முடைய மார்க்கம் காட்டும் வழி இதுவே என்பதைக் காண்போம்.

வீட்டை விட்டு வெளியேற்றுவது சிறிய காரியமா?

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 84, 85 ஆகிய வசனங்களை ஓதிப் பாருங்கள். பனூ இஸ்ராயீல்களிடம் அல்லாஹ் வாங்கிய உறுதிமொழி அங்கே சொல்லப்படுகிறது. ஒருவர் இரத்தத்தை ஒருவர் சிந்தலாகாது என்பதும், தம்மவரை அவர்தம் வீடுகளிலிருந்து வெளியேற்றலாகாது என்பதும் அந்த ஒரே உறுதிமொழியில் அடுத்தடுத்து வருகின்றன. கொலைக்குப் பக்கத்திலே வெளியேற்றத்தை வைத்துப் பேசுகிறது அருள்மறை! அதை அவர்கள் மீறியபோது இம்மையில் இழிவும் மறுமையில் கடும் வேதனையும் உண்டு என்று எச்சரிக்கிறது. இருபத்திரண்டாம் அத்தியாயம் 40-ஆம் வசனமோ, நியாயமின்றி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்களை அநீதி இழைக்கப்பட்டவர்களின் வரிசையில் சேர்க்கிறது.

நம்முடைய நாயகம் (ஸல்) அவர்களே தம் சொந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். மக்காவைத் திரும்பிப் பார்த்து, தம் சமூகத்தார் வெளியேற்றாதிருந்தால் தாம் வேறெங்கும் குடியிருக்க மாட்டார்கள் என்ற கருத்தில் அவர்கள் மொழிந்ததை ஹதீது நூல்களில் காண்கிறோம். வீடிழந்தவர் வேதனையை அறிந்த ஒரு நபியின் உம்மத்து நாம். ஏழை ஒருவரின் வீடு இடிபடும்போது நம் உள்ளம் மட்டும் கல்லாக இருக்கலாமா?

ஏழைக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கூலி வேலை அவருடைய வீட்டைச் சேர்ந்தது. மாதக் கடைசியில் நம்பிக்கையின் பேரில் அரிசி கொடுக்கும் கடைக்காரர், வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் அடுத்த வீட்டுப் பெரியம்மா, பிள்ளை படிக்கும் பள்ளி, ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும் பள்ளிவாசல் - இத்தனையும் சேர்ந்ததுதான் அவருடைய வீடு. இவற்றை விட்டுப் பெயர்த்து, ஊருக்கு வெளியே எத்தனை உறுதியான காங்கிரீட் அறையைக் கொடுத்தாலும், கொடுத்தது குறைவு, பறித்தது அதிகம்.

நம் சென்னையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1971-இல் குடிசைப் பகுதிகளுக்கெனத் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே சீர்திருத்தம், அகற்றுதல் என இரண்டும் இடம்பெற்றன. அந்தப் பத்தாண்டில் பல இடங்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. பிற்காலத்தில் அகற்றும் வழி ஓங்கிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டணத்தின் நடுவிலிருந்து கொண்டு செல்லப்பட்டன. வீட்டு வேலைக்கும் சந்தை வேலைக்கும் விடியற்காலையில் புறப்பட வேண்டிய தாய்மார்கள், பேருந்துக்கும் நேரத்துக்கும் தங்கள் கூலியில் எவ்வளவை இழந்திருப்பார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

"உங்கள் வீடுகளிலேயே இருங்கள்"

மதீனா முனவ்வராவில் நடந்த ஒரு சம்பவம் ஸஹீஹ் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் வருகிறது. பனூ ஸலிமா என்ற கோத்திரத்தார் மஸ்ஜிதுந் நபவீயிலிருந்து தொலைவில், ஊரின் ஓரத்தில் குடியிருந்தார்கள். பள்ளியைச் சுற்றிச் சில இடங்கள் காலியானபோது, தங்கள் இடத்தை விட்டு அங்கே குடிபெயர விரும்பினார்கள். அது நல்ல எண்ணந்தானே! ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள், இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், பள்ளிக்கு அவர்கள் நடந்து வரும் ஒவ்வோர் அடிச்சுவடும் நன்மையாக எழுதப்படுவதாகவும் நற்செய்தி கூறினார்கள். புகாரியின் அறிவிப்பில், மதீனாவின் ஓரங்கள் ஆளின்றி வெறுமையாகி விடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற காரணமும் சேர்ந்து வருகிறது.

இதைச் சிந்தியுங்கள். தாமாகவே பெயர விரும்பிய மக்களைக்கூட, ஊரின் நலம் கருதி அவர்கள் இடத்திலேயே இருக்கும்படி அருளினார்கள். அப்படியானால், பெயர விரும்பாத மக்களை ஊரின் அழகு கருதிப் பெயர்ப்பதற்கு அவர்களுடைய சுன்னத்தில் இடமேது?

இன்னுமொன்று. மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்ட நிலம் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. "விலை வேண்டாம், அன்பளிப்பாகவே தருகிறோம்" என்று அவர்கள் முன்வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ இலவசமாகப் பெற்றுக் கொள்ள மறுத்து, விலை கொடுத்து வாங்கிய பிறகே கட்டடத்தைத் தொடங்கினார்கள். உலகின் சிறந்த பள்ளிவாசல்களுள் ஒன்றை எழுப்புவதற்குக்கூட எளியவரின் நிலத்தை இலவசமாக எடுக்கவில்லை என்றால், சாலைக்கும் கடை வரிசைக்கும் பூங்காவுக்கும் எடுக்கலாம் என்று யார் சொல்ல முடியும்?

அதே பள்ளியை ஹளரத் உமர் (ரலி) அவர்கள் தம் கிலாபத்தில் விரிவுபடுத்த நாடியபோது, ஹளரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு குறுக்கே வந்தது. கலீஃபா விலை பேசினார்கள்; அப்பாஸ் (ரலி) மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போயிற்று. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராகவே வந்தது. உரிமையாளர் மனம் பொருந்தாமல் வீட்டை எடுக்க வழியில்லை என்றார்கள். தீர்ப்பு தமக்குச் சாதகமான பின்னரே அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாக முன்வந்து, முஸ்லிம்களுக்காக அந்த வீட்டைத் தருமமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உரிமை மதிக்கப்பட்ட இடத்தில் தாராளம் பிறந்தது. பொதுநலம் என்ற சொல்லைச் சொல்லி எளியவரின் வாயை அடைப்பது நம் முன்னோர் வழியன்று.

அழுக்கும் அருளாகாது

இப்படிச் சொல்வதனால், ஏழைகள் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. சாக்கடை ஓரத்தில் வாழ்வதைப் பொறுமை என்று புகழ்ந்துவிட்டு நாம் மட்டும் மாடியில் காற்று வாங்குவது பேணுதல் ஆகாது. வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்றுத் தந்த மார்க்கம் இது. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய மூன்று செயல்களாக எண்ணிச் சொன்ன நபி நம்முடைய நபி. வழியின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டுமென்று அளவு சொல்லியிருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர் தம் சுவரில் மரத்துண்டு பதிப்பதைத் தடுக்கலாகாது என்றும் கட்டளையிட்டிருக்கிறார்கள். சந்தும் சுவரும் நீரும் மார்க்கத்துக்கு வெளியே இல்லை, சகோதரர்களே!

ஆகவே, தெருவைத் துப்புரவாக்குவதும் சுன்னத்து. குடியைக் கலைக்காதிருப்பதும் சுன்னத்து. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குச் செய்து காட்டியவர்களின் வரலாற்றைக் கூறுகிறேன்.

ஒராங்கி சொல்லும் பாடம்

பாகிஸ்தானின் கராச்சி நகரத்தின் வடமேற்கே ஒராங்கி என்ற பெரும் பகுதி இருக்கிறது. 1960-களில் ஏழை மக்கள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். 1971-க்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளும் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். வீடுகளை அவர்களே கட்டிக் கொண்டார்கள். ஆனால் கழிவுநீர் போக வழியில்லை. வாளிக் கழிப்பிடங்களும் உறிஞ்சு குழிகளும் திறந்த சாக்கடைகளுமாகச் சந்துகள் நாறின.

1980-ஆம் ஆண்டில் அங்கே ஒருவர் வந்தார். அக்தர் ஹமீத் கான் என்பது அவர் பெயர். 1914-இல் ஆக்ராவில் பிறந்தவர். வெள்ளையர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை 1945-இல் உதறிவிட்டு, அலிகர் அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வாழ்ந்து பார்த்தவர். பின்னர் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் கிராம மக்களிடையே ஆற்றிய பணிக்காக 1963-இல் மகசேசே விருது பெற்றவர். அறுபத்தைந்து வயது கடந்து, ஓய்வெடுக்க வேண்டிய பருவத்தில் ஒராங்கிச் சந்துகளில் நடந்து நடந்து மக்களிடம் பேசினார்.

அவர் கண்ட உண்மை இது. வீட்டுக்குள்ளே கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் மக்கள், வாசற்படிக்கு வெளியே இருப்பது அரசாங்கத்துடையது என்று எண்ணி விட்டுவிட்டார்கள். அரசாங்கமோ வரவில்லை. வந்தாலும் அது போடும் செலவை ஏழைகளால் தாங்க முடியாது. இந்தப் பூட்டைத் திறக்க அவர் கையாண்ட முறை எளிமையானது. ஒரு சந்தில் உள்ள 20 முதல் 40 வரையிலான வீடுகள் ஒன்றுகூட வேண்டும். தங்களுக்குள் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் வீடு வீடாகப் பணம் வசூலித்து, தெருவாரைக் கொண்டே குழாய் பதிக்க வேண்டும். ஒராங்கி முன்னோடித் திட்டம் என்ற அவருடைய நிறுவனம் சந்தை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும், கருவிகளை இரவல் தரும், வேலையைக் கற்றுக் கொடுக்கும். ஆனால் சந்துக் குழாய்க்கென்று ஒரு காசும் தராது.

"பணம் தராதவர் என்ன உதவி செய்தார்?" என்று கேட்கலாம். இலவசமாக வந்தது பழுதானால் எவரும் கவலைப்பட மாட்டார். தன் காசும் தன் வியர்வையும் போட்ட குழாயை அடைப்பெடுக்க நள்ளிரவிலும் எழுந்து வருவார். ஒப்பந்தக்காரரின் இலாபமும் கைமாறும் கூலியும் இல்லாததால், அரசாங்கக் கணக்கைவிடச் செலவு பல மடங்கு குறைந்தது. வீட்டுக்குள் கழிப்பிடமும், சந்தில் குழாயும், சந்துகளை இணைக்கும் கிளைக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெருங்கால்வாயும் நீரைச் சுத்திகரிப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 6,000 சந்துகளில் 90,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு தங்களுக்குத் தாங்களே சாக்கடை அமைத்துக் கொண்டன. அதற்காக எந்தச் சந்தையும் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

அக்தர் ஹமீத் கான் 1999-இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற வேலையைத் தொடர்ந்தவர்களுள் பர்வீன் ரஹ்மான் என்ற பெண்மணி ஒருவர். கட்டடக் கலை பயின்ற அவர், அப்பகுதி இளைஞர்களுக்கு அளக்கவும் வரைபடம் போடவும் பயிற்சி தந்தார். நகரத்தின் ஓரத்தில் இருந்த பழைய குடியிருப்புகளையும் பதிவு செய்து, அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதற்குக் காகிதச் சான்று உண்டாக்கினார். வரைபடத்தில் இல்லாத மக்களைத் துரத்துவது எளிது. வரைபடத்தில் ஏறிவிட்டவர்களைத் துரத்துவது கடினம் அன்றோ! 2013-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், வேலை முடித்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எளியவரின் நிலத்திற்காகப் பேசுவது எத்தனை விலை கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. மக்கள் தம் பங்கைச் செய்தாலும் பெருங்கால்வாய்களின் நிலை சீராகவில்லை. 2020-இல் கராச்சியைப் பெருமழை மூழ்கடித்தது. அதன்பின் 2021-இல் ஒராங்கி நாலா, குஜ்ஜர் நாலா என்ற கால்வாய்களின் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. ஆகவே, சந்தைச் சீராக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் இருக்கும் உரிமையும் எழுத்தில் உறுதியாக வேண்டும். இல்லையேல் மக்களின் உழைப்பு மழைநீரோடு போய்விடும்.

ஜகார்த்தாவின் கம்பங்கள்

நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள் நிறைந்த நாடு இந்தோனேசியா. அங்கே பட்டணத்துக்குள் இருக்கும் எளியோர் குடியிருப்பைக் கம்பம் என்பார்கள். 1969-இல், ஜகார்த்தாவின் ஆளுநராக அலி சாதிகின் இருந்த காலத்தில், கம்பங்களை இடிக்காமல் சீர்படுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. வீடுகளைத் தொடாமல், நடைபாதைகளுக்குத் தளம் போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், குடிநீர்க் குழாயும், குளிக்கவும் துவைக்கவும் மலஜலம் கழிக்கவும் பொதுக் கட்டடங்களும், சிறு மருத்துவ நிலையங்களும் பள்ளிக்கூடங்களும் அமைத்தார்கள். பாதை நன்றாகி, வெள்ளம் வீட்டுக்குள் வராது என்றானதும் மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே செப்பனிட்டுக் கொண்டார்கள். 1980-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அந்தத் திட்டத்திற்குக் கிடைத்தது.

ஆயினும் அந்நகரத்திலும் இடிப்பு வந்தது. லுஆர் பாத்தாங் என்ற பழைமையான பள்ளிவாசலும் ஸியாரத்தும் இருக்கும் இடத்தின் அருகே, கடலோரத்தில் கம்பங் அகுவாரியும் என்ற குடியிருப்பு இருந்தது. 2016 ஏப்ரலில் அது தரைமட்டமாக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியார் ஊரை விட்டுப் போகவில்லை. இடிபாட்டின் மேலேயே கூடாரமடித்து இருந்தார்கள், வழக்காடினார்கள், தங்கள் குடியிருப்பை எப்படிக் கட்டலாம் என்று கட்டடக் கலைஞர்களின் துணையோடு தாங்களே திட்டம் தீட்டினார்கள். முடிவில் அதே இடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்தன. 2021 ஆகஸ்டில் முதற்கட்டடங்கள் திறக்கப்பட்டன. குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கமே அதை நிர்வகிக்கிறது. இடித்தபின் கட்டியதை இடிக்காமலே கட்டியிருக்கலாமே என்று உள்ளம் வருந்தினாலும், அதே இடத்தில் அதே மக்களுக்கு நல்ல வீடு கொடுக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாயிற்று.

சத்தமில்லாத வெளியேற்றம்

இடிக்கும் இயந்திரம் வந்தால் ஊரே பார்க்கிறது. ஆனால் இயந்திரம் வராமலே குடி கலைவதும் உண்டு. தெருவுக்குத் தார் போட்டாயிற்று, குழாயில் தண்ணீர் வந்தாயிற்று. மறுமாதமே வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துகிறார். இருபது வருடம் சாக்கடை நாற்றத்தைச் சகித்த குடும்பம், நாற்றம் போன நாளில் வெளியேற வேண்டியிருக்கிறது! துன்பத்தில் பங்கெடுத்தவருக்கு நன்மையில் பங்கில்லை என்றால் அதற்கு எந்த நியாயம்? இந்த வெளியேற்றத்தைச் செய்வது அரசாங்கமன்று. தொழுது, நோன்பு நோற்று, ஜகாத்தும் கொடுக்கும் நம்மவருள் ஒருவராகவே அவர் இருக்கக்கூடும்.

ஸஹீஹ் புகாரியில் வரும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அபூராஃபிஃ (ரலி) அவர்களுக்கு, ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக் கொள்ளும்படி ஸஅது (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அவர்களோ, தவணையாக 4,000 தருவதாகவும் அதற்குமேல் இயலாதென்றும் சொன்னார்கள். வெளியார் ஒருவர் 500 தீனார் தரக் காத்திருந்தார். ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று வைத்தாலும் அது 5,000 திர்ஹம் ஆகிறது. இருந்தும் அபூராஃபிஃ (ரலி) அவர்கள், அண்மையில் இருப்பவருக்கே அதிக உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று கூறி, குறைந்த விலைக்கு, அதுவும் தவணைக்கே, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஷுஃப்ஆ என்ற முன்வாங்கும் உரிமையை இத்தகைய ஹதீதுகளிலிருந்து ஃபிக்ஹு மேதைகள் விளக்கியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் அந்த உரிமை அண்டை வீட்டாருக்கும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் கூட்டாளிக்கு மட்டுமே உண்டு. சட்டத்தின் எல்லை வேறுபடலாம். ஆனால் அண்மைக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் காசினால் மட்டும் அளக்கக் கூடாது என்ற பண்பு இரு மத்ஹபாருக்கும் பொதுவானதன்றோ! அந்த ஸஹாபி விட்டுக் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு. நம்மில் யாராவது ஐம்பதில் ஒரு பங்கு விட்டுக் கொடுத்ததுண்டா?

நாம் செய்யத் தக்கவை

கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இதை எழுதவில்லை. நம் மஹல்லாக்களில் நம்மால் ஆகக்கூடிய காரியங்கள் பல உண்டு.

முதலாவது, மஹல்லா ஜமாஅத் தன் எல்லைக்குள் இருக்கும் எளிய சந்துகளை எண்ணி எழுதி வைக்கட்டும். எத்தனை வீடு, எத்தனை ஆண்டுகளாக யார் இருக்கிறார், குடும்ப அட்டை, மின் ரசீது, வரி ரசீது என்ன இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். முஸ்லிம் வீடு, மற்றவர் வீடு என்று பிரிக்க வேண்டாம். அருள்மறையின் நான்காம் அத்தியாயம் 36-ஆம் வசனம் உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே பேசுகிறது. ஆபத்து வரும் நாளில் அந்தப் பதிவேடு கேடயமாகும்.

இரண்டாவது, வக்ஃபு சொத்துக்களின் முத்தவல்லிமார்கள் சிந்திக்கட்டும். பள்ளிவாசலின் வருமானத்தைப் பேணுவது அமானிதம். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மீறுவதற்கில்லை. ஆனால் நீண்டகாலமாகக் குடியிருக்கும் ஏழையை ஒரே நாளில் எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் கடை வரிசை கட்டுவது மட்டுந்தான் வழி என்று எண்ண வேண்டாம். நியாயமான வாடகையைப் படிப்படியாக நிர்ணயித்து, கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது பழைய குடியிருப்போருக்கே முதலிடம் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம்.

மூன்றாவது, வாடகை வீடு வைத்திருப்போர். வீட்டுக்காரர் தம் செலவில் வீட்டைப் புதுப்பித்திருந்தால் அதற்குரிய நியாயமான கூலியைக் கேட்பது தவறன்று. ஊரார் உழைப்பால் தெரு சீரானதற்கு வாடகையை ஏற்றுவதுதான் மனச்சாட்சியைக் கேட்க வேண்டிய இடம். குடியிருப்பவரும் தம் கடமையை மறக்கலாகாது. வாடகையை நாளில் கொடுப்பதும், வீட்டைச் சேதப்படுத்தாதிருப்பதும், பேசிய பேச்சில் நிற்பதும் அவர்மீது கடமை.

நான்காவது, ஒராங்கியின் வழியில் சந்துக்கொரு குழு. பெருநாள் வசூலில் பந்தலுக்கும் விளக்குக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை அடைபட்ட வடிகாலுக்குச் செலவிடலாம். கொத்தனாரும் குழாய் வேலைக்காரரும் அந்தச் சந்திலேயே இருப்பார்கள். எது எங்கே அடைக்கிறது, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பதை நம் வீட்டுப் பெண்களைவிட அறிந்தவர் யார்? குழுவில் அவர்கள் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. நகராட்சி செய்ய வேண்டியதை நகராட்சியிடம் சட்டப்படி கேட்பதும் நம் உரிமை. அதை விடாமல் கேட்க வேண்டும்.

ஓர் ஐயத்துக்கு விடை

"ஆற்றங்கரையில், வெள்ளம் அடித்துப் போகும் இடத்தில் இருப்பவர்களையும் அங்கேயே விட்டுவிடச் சொல்கிறீரா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு தீங்கை அதே போன்ற மற்றொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹு விதி. ஆகவே, முதலில் அந்த ஆபத்தைக் கரை கட்டியும் கால்வாயைத் தூர்வாரியும் நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், அந்த மக்களோடு கலந்து பேசி, வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில், அண்டை வீட்டாரைப் பிரிக்காமல், மாற்று வீட்டைக் கட்டி முடித்த பிறகே பழைய வீட்டைத் தொட வேண்டும். அதே ஆற்றங்கரையில் பெருங்கட்டடங்களுக்கு இடமிருந்து, குடிசைக்கு மட்டும் இடமில்லை என்றால், அங்கே வெள்ளத்தைக் காரணமாகச் சொல்வது வெறும் சாக்கு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவர் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்ற எச்சரிக்கை, பட்டாவும் பணமும் பலமும் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்டதே.

சகோதரர்களே! மக்காவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களைத் தம் பக்கத்தில் இருத்தி, தமக்குத் தேவை இருந்தும் அவர்களுக்கே முதலிடம் கொடுத்த அன்சாரிகளை ஐம்பத்தொன்பதாம் அத்தியாயம் 9-ஆம் வசனத்தில் அல்லாஹ் புகழ்கிறான். அவர்களுடைய ஊர் பேரூராயிற்று, ஒளிபெற்ற ஊராயிற்று. வந்தவரை இருத்திய ஊர் அது. இருப்பவரை எழுப்பும் ஊராக நம் ஊர் ஆகிவிட வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் சந்துகளைத் தூய்மையாக்குவாயாக! அங்கே வாழும் எளியவர்களின் கூரையைக் காப்பாயாக! அண்டை வீட்டாரின் ஹக்கை அறிந்து நடக்கும் நல்லுள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எவருடைய கண்ணீரின் மீதும் எங்கள் வீடுகள் எழும்பாமல் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!